ஆப்பின் கொலை: ஓர் ஊர் காத்த மௌனம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கடல் மலைகளுக்கிடையே புகுந்து நீண்ட கழிகளாகக் கிடக்கும் ஆர்கைல் பகுதியில், ஆப்பின் என்றொரு சிறு நாடு உண்டு. ஒரு புறம் லின்னி என்னும் கடற்கழி; மறுபுறம் செங்குத்தான மலைச்சரிவுகள்; இடையே ஒட்டிக் கிடக்கும் வயல்களும் மேய்ச்சல் நிலங்களுமே அந்நாட்டின் செல்வம். 1752ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் மாலை, அங்குள்ள லெட்டர்மோர்க் காட்டின் வழியே குதிரைமீது சென்ற ஒருவர், முதுகில் குண்டு பாய்ந்து இறந்தார். சுட்டவர் யார் என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அக்கொலைக்காக ஒருவர் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கியைப் பிடித்த கை அவருடையதன்று என்பதை அவரைத் தூக்கிலிட்டவர்களே ஒப்புக்கொண்டிருந்தனர்.

துப்புத் துலங்காத கொலைகள் எல்லா நாட்டு வரலாற்றிலும் உள்ளன. பெரும்பாலானவற்றில் உண்மை எவருக்கும் தெரியாமல் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆப்பின் கொலை அவ்வகையைச் சேர்ந்ததன்று. நீதிமன்றத்துக்குத் தெரியாத பெயர் ஊருக்குத் தெரியும் என்பதே இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு நிலவிவரும் நம்பிக்கை. தெரிந்த ஊர் ஏன் பேசவில்லை? பேசாமல் இருந்ததற்கு அது கொடுத்த விலை என்ன? இலக்கியத்தில் தோய்ந்தவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்விகள் இவை.

கலோடனுக்குப் பின்

இக்கொலையின் வேர், ஆறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு போரில் இருக்கிறது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் நிலைநாட்ட 1745இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் குலங்கள் பல கிளர்ந்தெழுந்தன. அவர்களை ஜேக்கபைட்டுகள் என வரலாறு குறிக்கும். 1746 ஏப்ரல் 16ஆம் நாள் கலோடன் களத்தில் அக்கிளர்ச்சி ஒரு மணி நேரத்துக்குள் நசுக்கப்பட்டது. ஆப்பின் நாட்டின் ஸ்டீவர்ட் குலத்தார் தம் படையுடன் அக்களத்தில் நின்றனர். அப்படையில் 92 பேர் மாண்டனர், 65 பேர் புண்பட்டனர் என்பது பதிவு. சிற்றூர்கள் சில சேர்ந்த ஒரு நாட்டுக்கு அது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இழவு விழாத வீடு அங்கே அரிதாகவே இருந்திருக்கும்.

தோல்வியைத் தொடர்ந்து சட்டங்கள் வந்தன. மலைநாட்டார் படைக்கலம் வைத்திருப்பது குற்றமாயிற்று. அவர்கள் மரபாக உடுத்திய கட்டம்போட்ட கம்பளி உடைக்கும் தடை விதிக்கப்பட்டது. குலத்தலைவர்கள் பரம்பரையாகச் செலுத்திவந்த நீதி அதிகாரம் பறிக்கப்பட்டது. கிளர்ச்சியில் முன்னின்ற தலைவர்களின் நிலங்கள் அரசுடைமையாயின. ஆப்பின் படையை நடத்திய ஆர்ட்ஷீல் சார்ல்ஸ் ஸ்டீவர்ட் பிரான்சுக்குத் தப்பினார். அவருடைய நிலமும் அரசின் கைக்குப் போயிற்று.

அக்கம் பக்கத்தில் மற்றொரு பகையும் புகைந்துகொண்டிருந்தது. ஆர்கைல் பகுதியின் பெருங்குலமாகிய கேம்பெல்கள் அரசின் பக்கம் நின்றவர்கள். ஆர்கைல் கோமகனே அவர்களின் தலைவர். 1692இல் ஆப்பினை அடுத்த கிளென்கோ பள்ளத்தாக்கில், விருந்தினராக வந்து தங்கிய படைவீரர்கள் விடியுமுன் எழுந்து உணவிட்டவர்களையே வெட்டிச் சாய்த்தனர். அப்படைக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு கேம்பெல்லே. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்நினைவு ஆறாத புண்ணாக இருந்தது.

காரியஸ்தர் காலின்

பறிமுதலான நிலங்களில் குத்தகை வாங்கி அரசின் கருவூலத்தில் சேர்க்க ஒரு காரியஸ்தர் வேண்டியிருந்தார். 1749இல் அப்பணி கிளென்யூர் காலின் கேம்பெல்லுக்குக் கிடைத்தது. 'செந்நரி' என ஊரார் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டியிருந்தனர் என்பர். பிற்காலக் கதைகள் அவரைக் கொடியவராகவே வரைந்தன. மெய்யான காலின் அவ்வளவு எளிதில் ஒரு வரிக்குள் அடங்குபவர் அல்லர். அவர் தந்தை கேம்பெல். தாயோ கிளர்ச்சியில் முன்னின்ற கேமரன் குலத்துப் பெண். எனவே மேலிடத்தார் அவரை முழுமையாக நம்பவில்லை. தாய்வழி உறவால் கிளர்ச்சியாளரிடம் மென்மை காட்டுவார் என ஐயுற்றனர். ஊராரோ தந்தைவழிப் பெயரைக் கொண்டு அவரைப் பகைவராகக் கண்டனர். இரு தரப்புக்கும் நடுவே நின்று, இரு தரப்பாலும் ஐயுறப்பட்டவர் அவர். 1749இல்தான் அவருக்குத் திருமணமும் நிகழ்ந்திருந்தது.

தொடக்கத்தில் காலின் ஒரு சமரசம் செய்தார். தப்பியோடிய ஆர்ட்ஷீலின் தந்தைவழிச் சகோதரரும் முறைதவறிய பிறப்பினருமான ஜேம்ஸ் ஸ்டீவர்ட் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு குத்தகையை வசூலித்தார். 'பள்ளத்தாக்கு ஜேம்ஸ்' என ஊர் அழைத்த அவர், குடியானவர்கள் நம்பிய மனிதர். அரசுக்குரியது அரசுக்குப் போயிற்று. எஞ்சியது ஆர்ட்ஷீலின் குடும்பத்துக்குச் சென்றது. ஒரே நிலத்துக்கு இரண்டு குத்தகை கொடுத்துத் தம் பழைய தலைவரின் மக்களைக் காத்தனர் அந்த ஏழைக் குடியானவர்கள்.

இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. மேலிடத்தின் நெருக்குதலால் காலின் கடுமை காட்டத் தொடங்கினார். ஜேம்ஸ் தம் பண்ணையை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் டியூரர் பக்கத்தில் அகார்ன் என்னுமிடத்தில் குடியேறினார். 1752ஆம் ஆண்டு வசந்தத்தில் ஆர்ட்ஷீல் நிலத்துக் குடியானவர் சிலரை வெளியேற்றக் காலின் ஆணை பெற்றார். ஜேம்ஸ் எடின்பரோ வரை சென்று முறையிட்டார். இடைக்காலத் தடை கிடைத்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. வெளியேற்றத்துக்கு மே 15ஆம் நாள் குறிக்கப்பட்டது. ஜேம்ஸ் இறுதிவரை நாடியது முறையீட்டையும் வழக்கறிஞரையும் சட்டத்தையுமே என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டமே பின்னர் அவர் கழுத்தைச் சுற்றியது.

மே 14, மாலை

வெளியேற்றத்துக்கு முந்தைய நாள் காலின் கேம்பெல் வடபுறத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவருடன் மூவர்: எடின்பரோவில் சட்டத் தொழில் செய்த உறவினர் மங்கோ கேம்பெல், வெளியேற்ற ஆணையை நிறைவேற்ற வந்த நீதிமன்ற அமீனா, பணியாள் மெக்கன்சி. பாலகூலிஷ் துறையில் படகேறி லெவன் கடற்கழியைக் கடந்தனர். மறுகரையில் லெட்டர்மோர்க் காடு. மாலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், காட்டுப் பாதையில் வெடியோசை கேட்டது. இரு குண்டுகள் காலினின் முதுகில் பாய்ந்து வயிற்றின் வழியே வெளியேறின. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. தம் உயிர் போவதை உணர்ந்த அவர், உடனிருந்தோரைத் தப்பிச் செல்லுமாறு எச்சரித்தார் என்று மங்கோ பின்னர்ச் சாட்சி சொன்னார். சரிவின்மேல் குட்டையான கரிய மேலங்கி அணிந்த ஒருவன் துப்பாக்கியுடன் ஏறிச் செல்வதை மங்கோ கண்டார். முகத்தைக் காணவில்லை. கண்ணால் கண்ட சாட்சியம் அவ்வளவுதான்.

உதவி தேடிக் குதிரையில் விரைந்த மெக்கன்சி அகார்ன் வழியே சென்று ஜேம்ஸ் ஸ்டீவர்ட்டிடம் செய்தி சொன்னார். கேட்டதும் ஜேம்ஸ் கையைப் பிசைந்துகொண்டார். இதனால் குற்றமற்றவர்களுக்குத் துன்பம் வருமே என்று வருந்தினார் என்பது சாட்சியம். ஆனால் இறந்தவரின் உடலைக் காண அவர் போகவில்லை. அந்தப் போகாமையும் பின்னர் அவருக்கு எதிராக எண்ணப்பட்டது. போயிருந்தால் அதுவும் எதிராக எண்ணப்பட்டிருக்கும் என்பதை அக்காலத்து ஆப்பின் நிலையை அறிந்தவர் எளிதில் உணர்வர்.

இரண்டு நாள்களில், மே 16 அன்று, ஜேம்ஸ் கைது செய்யப்பட்டார்.

ஆலன் பிரெக்

அரசு சுட்டியது இருவரை. கொலைகாரன் எனக் குறிக்கப்பட்டவர் ஆலன் பிரெக் ஸ்டீவர்ட். 'பிரெக்' என்பது கேலிக் மொழியில் புள்ளி விழுந்ததைக் குறிக்கும்; அம்மைத் தழும்பு நிறைந்த முகத்தால் அவருக்கு அப்பெயர் வந்தது. சிறுவயதில் ஜேம்ஸின் ஆதரவில் வளர்ந்தவர். அரசுப் படையில் சேர்ந்து, 1745இல் பிரெஸ்டன்பான்ஸ் போரில் மறுபக்கம் மாறியவர். கலோடனுக்குப் பின் பிரான்சு சென்று அந்நாட்டுப் படையில் பணியாற்றினார். இடையிடையே ஊருக்கு மறைவாக வந்து போனார். குடிவெறியில் காலினைப் பற்றி அச்சுறுத்தும் சொற்கள் பேசியவர் என்று பலர் சொன்னார்கள்.

கொலைக்குச் சில நாள் முன்பு ஆலன் அகார்ன் வந்தார்; தம் பகட்டான பிரெஞ்சு உடையைக் களைந்துவிட்டு, ஜேம்ஸின் பழைய கரிய மேலங்கியை அணிந்து சென்றார். கொலை நாளன்று பாலகூலிஷ் அருகே இருந்தார். மீன் பிடிக்கப் போனார். கொலைக்குப் பின் மலைக்குள் மறைந்து, தப்பிச் செல்லப் பணம் வேண்டுமென ஜேம்ஸுக்குச் சொல்லியனுப்பினார். ஜேம்ஸ் பணமும் உடையும் அனுப்பினார். ஆலன் பிரான்சுக்குத் தப்பிவிட்டார்.

ஜேம்ஸுக்கு எதிராக இருந்த மிக வலுவான சான்று இதுவே: மேலங்கி தந்தார், பின்னர்ப் பணம் தந்தார். மற்றொரு கண் கொண்டு பார்த்தால், தாம் வளர்த்த பிள்ளை அடைக்கலம் கேட்டு நின்றபோது மலைநாட்டார் எவரும் செய்யக்கூடியதையே அவர் செய்தார். குருதி உறவும் வளர்ப்பு உறவும் சட்டத்தினும் மேலானவை என்பது அம்மண்ணின் அறம். அந்த அறத்தைச் சட்டம் சதி என்று வாசித்தது.

இன்வரரியில் நடந்த வழக்கு

ஜேம்ஸ் ஃபோர்ட் வில்லியம் கோட்டையில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்தார். அவருடைய வழக்கறிஞர்கள் அவரைக் காண்பதற்கே பெரும் தடைகள் இருந்தன. வழக்கு இன்வரரியில் நடக்குமென அறிவிக்கப்பட்டது. இன்வரரி ஆர்கைல் கோமகனின் ஊர். கேம்பெல் குலத்தின் தலைமையிடம்.

1752 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாள்காட்டியை மாற்றியது. செப்டம்பர் 2ஆம் நாளுக்கு அடுத்து 14ஆம் நாள் வந்தது. இடையில் பதினொரு நாள்கள் மறைந்தன. அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 21 அன்று வழக்கு தொடங்கியது. நடுவரிருக்கையின் நடுவில் அமர்ந்தவர் ஸ்காட்லாந்தின் தலைமைக் குற்றவியல் நீதிபதி என்னும் பதவியை வகித்த ஆர்கைல் கோமகன் ஆர்ச்சிபால்ட் கேம்பெல்லே, கொல்லப்பட்டவரின் குலத்தலைவர். ஜூரர் 15 பேரில் 11 பேர் கேம்பெல்கள். அரசின் தலைமை வழக்கறிஞர் வில்லியம் கிராண்ட் நேரில் வந்து வழக்கை நடத்தினார். குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் சார்பில் சாட்சி சொல்ல அக்காலச் சட்டத்தில் இடமில்லை. சாட்சிகள் பலர் கேலிக் மொழி மட்டுமே அறிந்தவர்கள். அவர்கள் சொன்னது மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே மன்றத்தை அடைந்தது.

சட்டச் சிக்கல் ஒன்றும் இருந்தது. ஜேம்ஸ் மீதான குற்றச்சாட்டு, கொலைக்கு உடந்தை என்பது. கொலை செய்தவர் ஆலன் பிரெக் என்று அரசு சொன்னது. ஆனால் அவர் பிடிபடவில்லை, அவர்மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவும் இல்லை. ஆலன் கொலைகாரர் என்பது நிறுவப்படாதபோது ஜேம்ஸ் அவருக்கு உடந்தை என்பது எவ்வாறு நிற்கும்? ஜேம்ஸின் வழக்கறிஞர்கள் இவ்வினாவை எழுப்பினர். மன்றம் அதை ஏற்கவில்லை. ஜேம்ஸ் ஒளித்துவைத்த இரு பழந்துப்பாக்கிகள் காட்டப்பட்டன. தடைச் சட்டத்துக்கு அஞ்சிப் படைக்கலங்களைப் புதரிலும் பாசி நிலத்திலும் மறைத்துவைப்பது அந்நாளில் மலைநாட்டில் பரவலான வழக்கம் என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை.

ஏறத்தாழ ஐம்பது மணி நேரம், இரவும் பகலுமாக மன்றம் நடந்தது. எதிர்வாதம் நிகழ்ந்துகொண்டிருந்தபோதே ஜூரர் ஒருவர் குறுக்கிட்டு, பேச்சைச் சுருக்குமாறும் தங்களுக்குச் சலித்துவிட்டதென்றும் கூறினார் என்பது வரலாறு. குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தண்டனை விதிக்கையில் கோமகன் ஆற்றிய உரை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கொலையைப் பற்றிப் பேசுவதைவிடக் கிளர்ச்சியைப் பற்றியே அது மிகுதியாகப் பேசுகிறது. 1745இல் உங்கள் பக்கம் வென்றிருந்தால், இன்று தீர்ப்புப் பெறும் இடத்தில் நீங்கள் சட்டம் வகுத்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் அவர் பேசினார். ஜேம்ஸ் எதற்காகச் சாகிறார் என்பதை நீதிபதியே சொல்லிவிட்டார் எனலாம்.

துறையோரத் தூக்குமரம்

1752 நவம்பர் 8ஆம் நாள், பாலகூலிஷ் துறைக்கு மேலுள்ள சிறு குன்றின்மீது ஜேம்ஸ் தூக்கிலிடப்பட்டார். கடும் காற்றும் மழையுமான நாள். தாம் குற்றமற்றவர் என்பதை அவர் எழுத்துருவில் ஒரு நீண்ட உரையாக வாசித்தார். பின்னர் விவிலியத்தின் முப்பத்தைந்தாம் சங்கீதத்தை ஓதினார். பொய்ச் சாட்சிகள் எழும்பியதைக் குறித்து இறைவனிடம் முறையிடும் பாடல் அது. அன்று முதல் மலைநாட்டில் அச்சங்கீதத்துக்குப் 'பள்ளத்தாக்கு ஜேம்ஸின் சங்கீதம்' என்றே பெயர் வழங்கியது. ஒரு மனிதர் நினைவுக்கல் இல்லாமலே மக்கள் நாவில் நிலைபெற்றது அவ்வாறு.

உடலை இறக்கிப் புதைக்க விடவில்லை. சங்கிலியிட்டு ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டனர். காவலுக்குப் படைவீரர்களை நிறுத்தினர். துறையைக் கடக்கும் ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்தே தீர வேண்டிய இடம் அது. எலும்புகள் கழன்று விழுந்தபோதும் கம்பியால் கட்டி மீண்டும் தொங்கவிட்டனர். ஜேம்ஸின் மனைவியும் மக்களும் வாழ்ந்தது அங்கிருந்து சில கல் தொலைவில்.

யார் சுட்டது?

ஆலன் பிரெக் சுட்டாரா? அவர் பேச்சும் மேலங்கியும் ஓட்டமும் அவருக்கு எதிரானவை. ஆனால் ஆப்பின் மரபு அவரை ஏற்கவில்லை. சுட்டவர் வேறொருவர், பழியைத் தன்மீது ஈர்த்துக்கொண்டு ஓடுவதே ஆலன் ஏற்ற பங்கு என்பது அங்குள்ள செவிவழிச் செய்தி. காலின் கேமரன் குலத்தாரின் நிலங்களுக்கும் காரியஸ்தராக இருந்தவர் ஆதலின், அவர்களில் ஒருவர் சுட்டிருக்கலாம் என்பாரும் உளர்.

மற்றொரு மரபு உண்டு. ஜேம்ஸ் தூக்கிலேறிய நாளில், உண்மையாகச் சுட்டவர் தாமே சென்று சரணடைய முயன்றார். உறவினர் அவரைப் பிடித்துக் கட்டிவைத்தனர் என்பது அது. 2001ஆம் ஆண்டில் ஆப்பின் ஸ்டீவர்ட் வழியில் வந்த மூதாட்டி ஒருவர், தம் குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்பட்ட செய்தி எனக் கூறி அம்மௌனத்தை உடைத்தார். ஸ்டீவர்ட் குலத்து இளைஞர் நால்வர் கூடித் திட்டமிட்டனர். அவர்களுள் குறி தவறாதவராகிய பாலகூலிஷ் டொனால்ட் ஸ்டீவர்ட்டே சுட்டவர் என்பது அவர் சொன்னது. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் குடும்பத்தில் காக்கப்பட்ட சொல்லும் ஒரு சொல்லே. இருநூற்றைம்பது ஆண்டுகள் வாய்வழியே வந்த பெயரைச் சான்றாகக் கொள்ள வரலாற்றுக்கு வழியில்லை. டொனால்டும் ஒரு மன்றத்தின்முன் தம்மைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றவர் அல்லர். ஜேம்ஸுக்குச் செய்த அநீதியை இறந்துபோன இன்னொருவருக்குச் செய்து ஈடுகட்ட முடியாது.

2008இல் ஜேம்ஸின் தண்டனையை மறு ஆய்வு செய்யுமாறு ஸ்காட்லாந்தின் குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையத்திடம் கோரிக்கை வைக்கப்பட்டது. வழக்கு மிகப் பழையது என்பதால் அது ஏற்கப்படவில்லை. சட்டத்தின் ஏட்டில் ஜேம்ஸ் இன்றும் குற்றவாளியே.

கவிஞரும் கதைஞரும்

கொல்லப்பட்ட காலினுக்காகவும் ஒரு கண்ணீர் இலக்கியத்தில் பதிந்திருக்கிறது என்பதைக் கவிஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கேலிக் மொழியின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான டங்கன் பான் மெக்கின்டயர் (1724-1812) அவர்மீது கையறுநிலைப் பாடல் ஒன்று இயற்றினார். கேம்பெல்களின் நிலத்தில் வேட்டைக்காட்டுக் காவலராக இருந்தவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் பாடல்களை நெஞ்சிலே சுமந்தவர். பிறர் எழுதியெடுக்க, 1768இல் அவை எடின்பரோவில் நூலாக வந்தன. மலைகளையும் மான்களையும் பாடிய அந்த வாய்தான் பகைவர் கண்ட 'செந்நரி'யை ஓர் அழகிய இளந்தலைவனாகக் கண்டு அழுதது. ஒரு தரப்பின் கதையை மட்டும் கேட்டுப் பழகியவர்க்கு இப்பாடல் ஒரு திருத்தம். முதுகில் சுடப்பட்டு வீழ்ந்தவர், மூன்றாண்டுகளுக்கு முன் மணந்த மனைவியை விட்டுச் சென்றவர். மறுநாள் அவர் செய்யவிருந்த செயல் கொடியது என்பதனால் அவர் சாவு நீதியாகிவிடாது.

இவ்வழக்கை உலகறியச் செய்தவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அச்சிட்டு வெளிவந்திருந்த வழக்கு நடவடிக்கைகளை அடிப்படையாகக் கொண்டு, 1886இல் வெளிவந்த 'கிட்னாப்ட்' நாவலையும், 1893இல் அதன் தொடர்ச்சியாகிய 'கேட்ரியோனா'வையும் எழுதினார். கொலையை 1752இலிருந்து 1751க்கு நகர்த்தினார்; அதைப் படிப்பவர்க்கு மறைக்காமல் முன்னுரையாகிய அர்ப்பணிப்பிலேயே குறிப்பிட்டார். ஆலன் பிரெக்கை மறக்கவொண்ணாப் பாத்திரமாக்கினார். ஆனால் கொலையாளி யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கொலையைக் கண்ட இளைஞன் கேட்கும்போது, அந்த நேரத்தில் தாம் காலணியின் வாரைக் கட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்லி ஆலன் நழுவிவிடுகிறார். படிப்பவர் சிரிப்பார், சிரித்தபின் ஓர் ஊரின் மௌனம் எவ்வாறு இயங்குகிறது என்பதை உணர்வார். எவரும் பொய் சொல்வதில்லை. எல்லாரும் அந்நேரத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அறிஞர் ஆண்ட்ரூ லாங் 1904இல் வெளியிட்ட வரலாற்றுப் புதிர்கள் பற்றிய நூலில் இவ்வழக்குக்கு ஓர் இயல் ஒதுக்கினார். பெயர் தமக்குத் தெரியும், ஆனால் சொல்ல இயலாது என்று எழுதினார். கொலை நடந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளரும் அம்மௌனத்தின் உறுப்பினராகிவிட்டார்.

மௌனத்தின் விலை

இந்த மௌனத்தைப் போற்றுவதா, பழிப்பதா? தோற்ற மக்களுக்கு எஞ்சியிருந்த ஒரே படைக்கலம் அதுதான். வாள் பறிபோயிற்று, உடை பறிபோயிற்று, நிலமும் பறிபோயிற்று. வாயை மூடிக்கொள்ளும் உரிமையை எந்தச் சட்டத்தாலும் பறிக்க முடியவில்லை. வேற்றார் மன்றத்தில் ஒரு பெயரைச் சொன்னால் ஓர் உயிரோடு அது நின்றிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கேம்பெல்களின் மன்றம் ஒருவரைக் கேட்டது, கிடைத்தவரை எடுத்துக்கொண்டது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. மழையில் நனைந்து நின்ற கூட்டத்தில், தூக்குமரத்தின் கீழ், உண்மை தெரிந்தவர் சிலர் நின்றிருக்கலாம். ஒரு சொல் சொல்லியிருந்தால் ஜேம்ஸ் பிழைத்திருப்பாரா என்பது தெரியாது. சொல்லாமையால் அவர் இறந்தார் என்ற எண்ணம் அவர்களை இறுதிவரை விட்டிருக்காது. கட்டிவைக்கப்பட்டவர் பற்றிய கதை மெய்யோ பொய்யோ, ஓர் ஊரின் மனச்சாட்சியே அப்படி ஒரு கதையை வேண்டி உருவாக்கியிருக்கக் கூடும். அவர் வர விரும்பினார், நாங்கள்தாம் விடவில்லை என்று சொல்லும் கதை அது. கொலையாளிக்கு மானத்தைக் கொடுத்துக் குற்றத்தை ஊர் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறது. ஜேம்ஸ் தாமும் தாம் அறிந்த பெயர் ஏதேனும் இருந்தால் அதைத் தம்முடனேயே கொண்டுபோனார் என்பது, அம்மௌனத்தின் முதல் காவலர் அவரே என்பதைக் காட்டும்.

1911இல், தூக்குமரம் நின்ற குன்றின்மேல் ஜேம்ஸுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினர். அகார்னில் அவர் அமர்ந்து ஓய்வெடுத்த கல் என்று சொல்லப்படும் ஒரு கல்லை அதன் உச்சியில் வைத்தனர். அவர் செய்யாத குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார் என்று அதில் பொறித்திருக்கிறது. 1975இல் துறைக்குப் பதிலாகப் பாலம் வந்தது; நினைவுச்சின்னம் அப்பாலத்தின் தென்முனையருகே நிற்கிறது. லெட்டர்மோர்க் காட்டில் காலின் வீழ்ந்த இடத்தில் ஒரு கற்குவியல் அடையாளமாக உள்ளது. இரண்டுக்கும் இடையே நடந்து சென்றுவிடும் தொலைவே.

இவ்விரு கற்களும் சொல்வதற்கு மேல் வரலாற்றால் சொல்ல முடியவில்லை. ஒருவர் கொல்லப்பட்டார், கொன்றவர் யாரெனத் தெரியாது. மற்றவரும் கொல்லப்பட்டார், கொன்றவர்கள் யாரென நன்கு தெரியும், அவர்களின் பெயர்கள் நீதிமன்றப் பதிவேட்டில் வரிசையாக இருக்கின்றன. முதல் கொலையின் புதிரில் மயங்கி இரண்டாவது கொலையின் தெளிவை மறந்துவிடுவதே இவ்வழக்கைப் படிப்பவர்க்கு நேரும் பெரும்பிழை. மலைநாட்டு மக்கள் அப்பிழையைச் செய்யவில்லை. சுட்டவரின் பெயரை அவர்கள் மறைத்துவைத்தார்கள். தூக்கிலேறியவரின் பெயரையோ ஒரு சங்கீதத்துக்குச் சூட்டித் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்தார்கள்.